அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன்

ஒன்பதாம் தரத்தில் படிக்கும்போது மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் நான் முதலிடம் பெற்றேன். தலைப்பு “இஸ்லாம் பெண்ணுக்கு அளித்த கௌரவம்”. அந்தப் பேச்சு எனக்குச் சொந்தமானதல்ல. எங்கள் குடும்பத்து ராத்தாமார் ஒருவர் பின் ஒருவராகப் பேசிப் பரிசு வாங்கிய பழைய கொப்பி ஒன்றிலிருந்து எடுத்தது. ஓரம் கிழிந்த அந்தக் கொப்பியில் பேச்சின் தொடக்கம் இப்படி இருந்தது: பண்டைய உலகில் பெண்ணை மனிதப் பிறவியாகவே யாரும் எண்ணவில்லை; கிரேக்கன் அவளைப் பண்டமாக்கினான்; உரோமன் அவளை அடிமையாக்கினான்; அவளுக்கு ஆன்மா இல்லை என்றார்கள்; வழிபாட்டில் அவளுக்குப் பங்கே இருக்கவில்லை. இந்த இடத்தில் கையை உயர்த்தி, குரலைத் தாழ்த்தி, ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும் என்று கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தது. நானும் நிறுத்தினேன். மண்டபம் கைதட்டியது.

உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகத்தை ஒரு பாடமாக எடுத்தபோதுதான் அந்தக் கைதட்டல் எனக்கு உறுத்தத் தொடங்கியது. நான் அன்று சொன்னவற்றில் பாதி உண்மை. மீதி உண்மையில்லை. குறிப்பாக, வழிபாட்டில் அவளுக்குப் பங்கே இருக்கவில்லை என்ற கடைசி வரி சுத்தத் தவறு. அதை எழுத்தில் திரும்பப் பெறுவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் பெண்ணுக்கு வாக்கில்லை. மக்கள் சபையில் இடமில்லை. நிலத்தை அவள் தன் விருப்பப்படி விற்க முடியாது. தந்தை, அவருக்குப் பின் கணவன், அவனும் இல்லாவிட்டால் மகன் என்று எப்போதும் ஓர் ஆண் பொறுப்பாளரின் கீழேயே அவள் வாழ்ந்தாள். பிறந்த குழந்தையை வேண்டாம் என்று வெளியே போட்டுவிடும் வழக்கமும் கிரேக்கத்தில் இருந்தது. ஜாஹிலிய்யாக் காலத்து அறபிகளில் சிலர் பெண் குழந்தையை உயிரோடு புதைத்தார்கள் என்பதை நமக்கு அல்குர்ஆனே சொல்கிறது. இவை எதையும் நான் மறைக்கவோ மெழுகவோ வரவில்லை.

ஆனால் அதே ஏதென்ஸில் வழிபாடு என்று வந்துவிட்டால் காட்சி தலைகீழாக மாறுகிறது. சட்டமும் அரசியலும் பெண்ணுக்குப் பூட்டிவைத்த கதவுகளுக்கு நடுவே திறந்திருந்த ஒரே பெரிய கதவு அதுதான்.

அந்நகரின் காவல் தெய்வமாக அவர்கள் வணங்கியது அதீனா என்ற பெண் தெய்வத்தை. அவளுடைய தலைமைப் பூசகர் ஒரு பெண். பழைய பிரபுக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து, ஆயுள் முழுவதும் அந்தப் பதவியில் இருப்பவர். லைசிமாக்கி என்ற பெண் அப்பதவியில் 64 ஆண்டுகள் இருந்தார். யோசித்துப் பாருங்கள். ஏதென்ஸின் தளபதிகள் ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்பட்டார்கள்; அதிகாரிகள் பலர் ஓராண்டில் இறங்கிப் போனார்கள். இந்தப் பெண் மட்டும் அறுபத்து நான்கு ஆண்டுகள். அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

இவர்கள் அலங்காரத்துக்கு உட்காரவைக்கப்பட்டவர்களும் அல்லர். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பார்ட்டாவின் மன்னன் கிளியோமினஸ் படையோடு வந்து அக்ரோபொலிஸ் குன்றைப் பிடித்தான். அதீனாவின் கோவிலுக்குள் அவன் நுழையப் போனபோது அங்கிருந்த பெண் பூசகர் தன் ஆசனத்திலிருந்து எழுந்து, உன் இனத்தவர் இங்கே வர அனுமதியில்லை, திரும்பிப் போ என்று சொன்னதாக ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். வாளேந்திய அரசனின் முன் ஒரு பெண் எழுந்து நின்ற காட்சி அது. அவன் கேட்கவில்லை, உள்ளே போனான். சில நாட்களில் குன்றை விட்டே துரத்தப்பட்டான்.

கி.மு. 480இல் பாரசீகப் படை நெருங்கி வந்தபோது நகரை விட்டு மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. பிறந்த மண்ணை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? கோவிலில் வசித்ததாக நம்பப்பட்ட பாம்புக்கு மாதந்தோறும் தேன் பணியாரம் படைப்பது வழக்கம். இந்த முறை படைத்தது அப்படியே இருக்கிறது என்று பெண் பூசகர் அறிவித்தார். தெய்வமே குன்றை விட்டுப் போய்விட்டது என்று மக்கள் விளங்கிக்கொண்டு கப்பலேறினார்கள். அந்த நம்பிக்கை நமக்குரியதல்ல. பாம்புக்குப் படைப்பது ஷிர்க் என்று நமக்குத் தெரியும். நான் கவனிப்பது வேறொன்றை. ஒரு நகரமே உயிர் பிழைக்க ஓடுவதா இருப்பதா என்று தவித்த வேளையில், ஒரு பெண்ணின் சொல் அவ்வளவு எடை பெற்றிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் தியானோ. கி.மு. 415இல் அல்சிபயாடிஸ் என்ற தளபதி மதத்தை இழிவுபடுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டான். அவன் நாட்டில் இல்லாமலேயே தீர்ப்பு வழங்கி, சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். அத்தோடு நிற்காமல், நகரின் பூசகர்கள், ஆண்கள் பெண்கள் எல்லோரும், பகிரங்கமாக அவனைச் சபிக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். தியானோ என்ற பெண் பூசகர் மட்டும் மறுத்துவிட்டாராம். தான் பூசகரானது பிரார்த்திப்பதற்கே தவிர சாபமிடுவதற்கல்ல என்பது அவர் சொன்ன காரணம். இதை எழுதிவைத்த புளூட்டார்க் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியவர். ஆகவே கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், அரசாங்கம் ஆணையிட்டும் ஒரு பெண் தன் பதவிக்குத் தானே பொருள் சொன்னாள் என்று ஒரு சமூகம் நினைவில் வைத்திருந்ததே, அது போதாதா? வழிபாட்டில் பங்கில்லாதவளைப் பற்றி யாரும் அப்படிக் கதை சொல்ல மாட்டார்கள்.

பெரிய குடும்பத்துப் பெண்களுக்கு மட்டும்தானே இதெல்லாம் என்று எங்கள் வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு ஒரு கல் பதில் சொல்கிறது. அக்ரோபொலிஸில் அதீனா நைக்கி என்ற சிறு கோவிலுக்குப் பெண் பூசகரை எப்படித் தெரிவுசெய்வது என்பதை ஏதென்ஸ் மக்கள் கல்லில் வெட்டிவைத்தார்கள். ஏதென்ஸ் பெண்கள் அனைவருக்குள்ளிருந்தும் தெரிவு. ஆண்டுச் சம்பளம் 50 திரக்மா. பொதுப் பலிகளில் அறுக்கும் மிருகங்களின் கால்களும் தோல்களும் அவருக்கே உரியவை. வாக்களிக்கும் உரிமை இல்லாத ஒருத்திக்கு அரசாங்கச் சம்பளம்! நான் இதைப் படித்த அன்று பேச்சுக் கொப்பியை எடுத்து அந்த வரியை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். முகம் சுட்டது.

பூசகர் பதவி சிலருக்குத்தான். சாதாரண மனைவிமாருக்குத் தெஸ்மோபோரியா இருந்தது. இலையுதிர் காலத்தில், விதைப்புக்குச் சற்று முன், மூன்று நாட்கள் நடக்கும் விழா. மணமான குடிப்பெண்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். ஆண்களுக்கு அனுமதியே இல்லை. வீட்டை விட்டு வந்து, குடில் அமைத்துத் தங்குவார்கள். செலவைக் கணவன் ஏற்க வேண்டும். விழாவை நடத்தும் தலைவிகளைப் பெண்களே தங்களுக்குள் தெரிவுசெய்தார்கள் என்பது ஒரு வழக்குரையில் தற்செயலாக வெளிவருகிறது. நடுநாள் நோன்பு. அன்று பெண்கள் உண்ணாமல் தரையில் அமர்ந்திருப்பார்கள். மகளைப் பறிகொடுத்துத் துக்கத்தில் உண்ணாதிருந்த தெமீத்தர் என்ற தாய்த் தெய்வத்தின் நினைவாக அந்த நோன்பு. மூன்றாம் நாள் விருந்து, நல்ல பிள்ளைப் பேற்றுக்கான வேண்டுதல்.

முன்கூட்டியே குழிகளில் போட்டிருந்த பன்றிகளின் உக்கிய எச்சங்களைச் சில பெண்கள் மூன்று நாள் பேணுதலாக இருந்துவிட்டு இறங்கி அள்ளிவந்து பலிபீடத்தில் வைப்பார்கள். அதை எடுத்து விதையோடு கலந்து விதைத்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. இதை வகுப்பில் வாசித்தபோது நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். அது இயல்புதான். ஆனால் ஒரு நாட்டின் அடுத்த ஆண்டுச் சோறு தங்கள் கையில் இருக்கிறது என்று அந்தப் பெண்கள் நம்பினார்கள். அவர்களுடைய ஆண்களும் நம்பினார்கள். கி.மு. 411இல் அரிஸ்டோபனிஸ் இந்த விழாவை வைத்தே ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார். அதன்படி விழாவின் நடுநாளில் நீதிமன்றமும் ஆலோசனை சபையும் கூடுவதில்லை. பெண்களுடைய நோன்புக்காக ஆண்களின் அலுவல் நிற்கிறது! நாடகத்தில் பெண்களைக் குடிகாரிகளாகவும் வம்புக்காரிகளாகவும் காட்டிச் சிரிக்கிறார். எழுதியவர் ஆண், பெண் வேடமிட்டு நடித்தவர்களும் ஆண்கள். கதவுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே நடந்ததைப் பற்றிச் சொன்ன கதை அது. உள்ளே இருந்தவர்கள் என்ன ஓதினார்கள், எதற்காக அழுதார்கள் என்பதை அவர்கள் வெளியே சொல்லவில்லை. இரகசியம் காத்தார்கள்.

இதே பிரச்சினைதான் எங்கும். பண்டைய பெண்களைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் ஆண்கள் எழுதியதிலிருந்து. அதனால்தான் பிரௌரோனில் கிடைத்ததும், அதன் பிரதியாக ஏதென்ஸில் கிடைத்ததுமான கற்கள் எனக்குப் பொன்னாகத் தெரிகின்றன.

பிரௌரோன் என்பது ஏதென்ஸுக்குக் கிழக்கே கடலோரத்தில் இருந்த ஆர்ட்டெமிஸ் கோவில். பெண்களையும் பிள்ளைப் பேற்றையும் காப்பவளாக அவர்கள் கருதிய தெய்வம் அது. சிறுமிகள் சிலர் அங்கே போய்க் காவி மஞ்சள் உடை உடுத்து, “கரடிகள்” என்ற பெயரில் சேவை செய்வார்கள். தாய்மார்கள் தங்கள் ஆடைகளைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். கோவில் அதிகாரிகள் கணக்குப் பிள்ளை கணக்கு எழுதுவதுபோல ஒவ்வோர் ஆண்டும் அவற்றைப் பட்டியலிட்டார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பட்டியல்கள் கல்லில் இருக்கின்றன. கொடுத்த பெண்ணின் பெயர், சில இடங்களில் அவள் இன்னாரின் மனைவி என்ற குறிப்பு, ஆடையின் வகை, கரை, நிறம், பெட்டியில் இருக்கிறதா, சிலைக்கு அணிவிக்கப்பட்டிருக்கிறதா என்ற விபரம். சில ஆடைகளுக்கு நேரே கந்தல் என்று இருக்கிறது. சிலவற்றுக்கு நேரே பாதி நெய்தது என்று இருக்கிறது.

போர்களையும் அரசர்களையும் மனனம் செய்து களைத்துப்போன எனக்கு இந்தப் பட்டியல் வேறொரு வரலாறாகப் பட்டது. ஒரு தறியும், ஒரு சேலையளவு துணியும், ஒரு பெயரும். அவள் எழுதத் தெரியாதவளாக இருந்திருக்கலாம். ஆனால் நாட்கணக்கில் தன் கையால் நெய்ததைக் கொண்டுபோய் வைத்தாள். பெயர் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் தாண்டி வந்திருக்கிறது. இவளுக்கு ஆன்மா இல்லை என்று நான் மேடையில் பேசியிருக்கிறேன்.

உரோமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே எனக்கு மதிப்பும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. வெஸ்டா தெய்வத்தின் அணையா நெருப்பைக் காத்த பெண்கள் ஆறு பேர். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தெரிவுசெய்யப்பட்டு 30 ஆண்டுகள் மணமின்றிச் சேவை செய்ய வேண்டும்: பத்தாண்டு கற்பது, பத்தாண்டு செய்வது, பத்தாண்டு கற்பிப்பது. மற்ற உரோமப் பெண்களுக்கு இல்லாத உரிமைகள் அவர்களுக்கு இருந்தன. பொறுப்பாளர் இல்லாமல் சொத்து வைத்திருக்கலாம், மரண சாசனம் எழுதலாம். பெரிய மனிதர்கள் தங்கள் மரண சாசனங்களை அவர்களிடம் ஒப்படைத்து வைத்தார்கள். ஆனால் கற்பு தவறியதாகத் தீர்ப்பானால் நிலத்தடி அறையில் உயிரோடு புதைத்தார்கள். கி.மு. 216இல் ஹனிபலிடம் கன்னே போர்க்களத்தில் உரோமப் படை படுதோல்வி கண்ட அதே ஆண்டில் இருவர் மீது அப்படிக் குற்றம் காணப்பட்டது. அவர்களில் ஒருத்தி புதைக்கப்பட்டாள். படை தோற்றால் பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது எவ்வளவு பழைய நோய் பாருங்கள்! ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது இனிப் பேச்சுக் கொப்பி எழுதினால் அதையும் நான் ஏற்கமாட்டேன்.

இப்போது இந்தக் கல்லூரியின் சகோதரிகளும் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். என் வாப்பாவும் இதைத்தான் கேட்டார்: “மகள், சிலை வணங்கினவங்கட கதையத் தூக்கிப் பிடிச்சு உனக்கு என்ன வரப் போகுது? நம்மட மார்க்கம் பெண்ணுக்குக் கொடுத்தத் தானே நீ பேசணும்?”

வாப்பாவின் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் என் பதில் இதுதான். நம் மார்க்கம் பெண்ணுக்கு வாரிசுரிமை கொடுத்தது, மஹரை அவளுக்கே உரியதாக்கியது, பெண் சிசுவைப் புதைப்பதைத் தடுத்தது. இவை தம் காலில் தாமே நிற்கும். இவற்றைத் தாங்கிப் பிடிக்க ஏதென்ஸ் பெண்ணைப் பற்றி நான் பொய் சொல்லத் தேவையில்லை. இல்லாததை இருந்ததாகவும் இருந்ததை இல்லாததாகவும் சாட்சி சொல்வது எவருக்கு எதிராக என்றாலும் பொய்ச் சாட்சிதான். இறந்துபோனவர்கள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்பதற்காக அது லேசாகிவிடுமா?

இன்னுமொன்று. நபி (ஸல்) அவர்களுக்கு முந்திய பெண்களை அல்குர்ஆன் எப்படிக் காட்டுகிறது என்று அந்தக் கொப்பியை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை. இம்ரானின் மனைவி தன் வயிற்றிலிருப்பதை இறை சேவைக்கு நேர்ந்துகொண்டார். பிறந்தது பெண். பெண்ணாகப் பெற்றுவிட்டேனே என்று அவர் முறையிடுகிறார். ஆனால் அல்லாஹ் அந்தப் பெண் குழந்தையை அழகிய முறையில் ஏற்றுக்கொள்கிறான். மர்யம் (அலை) மிஹ்ராபிலே வளர்கிறார். ஸகரிய்யா (அலை) உள்ளே போகும்போதெல்லாம் அவரிடம் உணவைக் காண்கிறார். இது இஸ்லாத்தின் இறுதித் தூதர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன் ஒரு வழிபாட்டுத் தலத்தில் ஒரு பெண் வாழ்ந்த வாழ்க்கை.

ஸபா நாட்டு அரசியைப் பாருங்கள். அவரும் அவருடைய மக்களும் சூரியனுக்கு ஸுஜூது செய்தவர்கள். அதை அல்குர்ஆன் தவறு என்றே சொல்கிறது. ஆனால் அதற்காக அவரை அறிவில்லாதவராகக் காட்டவில்லை. கடிதம் வந்ததும் தன் பிரதானிகளைக் கூட்டி ஆலோசிக்கிறார். படை பலத்தைப் பெருமை பேசியவர்களுக்கு, அரசர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்தால் அதைச் சீரழிப்பார்கள் என்று எடுத்துச் சொல்கிறார். கடைசியில் தானே உண்மையைக் கண்டு அல்லாஹ்வுக்குப் பணிகிறார். தவறான வணக்கத்தில் இருந்த காலத்திலும் அவர் சிந்திக்கும் பெண்ணாகவே இருந்தார்.

ஹாஜர் (அலை) அவர்களைச் சொல்லாமல் எப்படி விடுவது? தண்ணீர் தேடி ஒரு தாய் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஓடினார். அந்தத் தாயின் அடிச்சுவட்டை உலகத்து ஹாஜிமார் எல்லோரும், ஆண்களும் அரசர்களும் ஆலிம்களும் உட்பட, ஏழு முறை பின்பற்றுகிறார்கள். அவர் வாழ்ந்ததும் கொப்பி சொல்லும் அந்தப் “பண்டைய உலகில்”தான். கதீஜா (ரழி) அவர்களும் வஹீ இறங்குவதற்கு முன்பே மக்காவில் தமது பொருளை வணிகத்துக்கு அனுப்பியவர். அக்காலத்துப் பெண்ணுக்கு ஒன்றுமே இருக்கவில்லை என்றால் அவரை நாம் எங்கே வைப்பது?

நம் நாட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். டிசம்பரில் உந்துவப் போயா விடுமுறையில் நாம் வீட்டில் தூங்குகிறோம். அசோகரின் மகள் சங்கமித்தை வெள்ளரச மரக்கிளையோடு அநுராதபுரத்துக்கு வந்து பிக்குணிகள் சபையை நிறுவியதைப் பௌத்தர்கள் நினைவுகூரும் நாள் அது. அந்தச் சபையின் வழிவந்த இலங்கைப் பிக்குணிகள் கி.பி. 429இல் கப்பலேறிச் சீனாவுக்குப் போனார்கள். சீனப் பெண்களுக்கு முறைப்படி துறவு கொடுக்கப் போதிய எண்ணிக்கை இல்லாததால் சில ஆண்டுகளில் இன்னொரு குழுவும் போனது. முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் அவர்களிடம் துறவு பெற்றார்கள். இதைப் பதிந்துவைத்தது பிக்குணிகளின் வரலாறுகளைத் தொகுத்த ஒரு சீனத் துறவியின் நூல். கடல் கடந்து படிக்கப் போவது பெண்ணுக்கு ஆகாது என்று இன்றும் சில வீடுகளில் கதைப்பதை நான் கேட்டிருக்கிறேன். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் பெண்கள் கடல் கடந்து போனது படிப்பிக்க.

எழுதிவைக்கப்படாததைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையில் என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்தது அதுதான். பண்டைய ஏதென்ஸில் இறந்தவரின் உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, துணி சுற்றிக் கிடத்துவது வீட்டுப் பெண்களின் கடமை. அழுது பாடுவதும் அவர்களே. சோலன் கொண்டுவந்த சட்டம் அந்த அழுகைக்கு எல்லை போட்டது: முகத்தைக் கீறிக்கொள்ளக் கூடாது, இழவுப் பாட்டுப் பாடக் கூடாது, நெருங்கிய உறவினர் தவிர 60 வயதுக்குக் குறைந்த பெண்கள் ஊர்வலத்தில் போகக் கூடாது, ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே. ஒப்பாரியை நம் மார்க்கமும் விலக்கியிருக்கிறது, காரணம் வேறு. ஆனால் சோலன்கூட உடலைக் கழுவும் வேலையைப் பெண்களிடமிருந்து எடுக்கவில்லை. அதைச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

என் உம்மம்மாவை ஊரில் “மையித்துக் குளிப்பாட்டுற உம்மா” என்பார்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டாலும் எழுந்து வுழூச் செய்து, வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். எத்தனை பெண் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கபனிட்டார் என்ற கணக்கு அவரிடமும் இல்லை. பிரசவத்தில் போன பிள்ளைகளைப் பற்றி மட்டும் எப்போதாவது பேசுவார், பாதியில் நிறுத்திவிடுவார். எங்கள் ஊரில் ஒரு பள்ளிவாசல் விழா மலர் வெளியிட்டார்கள். நிருவாக சபைத் தலைவர்கள், கதீப்மார், முஅத்தின்மார், சுண்ணாம்பு கொடுத்தவர், மின்விசிறி கொடுத்தவர் எல்லோருடைய பெயரும் இருந்தது. உம்மம்மாவின் பெயர் இல்லை. அவருக்கு முன் அந்த வேலையைச் செய்தவரின் பெயரும் இல்லை. உம்மம்மாவிடம் கேட்டேன். “அல்லாஹ்ட கொப்பில இருக்கும் புள்ள” என்றார். அது அவருடைய ஈமான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி நம்முடைய கொப்பியைப் பற்றியது. இன்னும் நூறு ஆண்டுகள் கழித்து யாரோ ஒரு மாணவி அந்த மலரை மட்டும் வைத்துக்கொண்டு, அக்காலத்து முஸ்லிம் பெண்களுக்கு மார்க்க வாழ்வில் பங்கே இருக்கவில்லை என்று மேடையில் பேசினால், அவளை எப்படிக் குறை சொல்வது? அவள் செய்வதைத்தானே நானும் ஒன்பதாம் தரத்தில் செய்தேன்.

இந்த ஆண்டு மீலாத் போட்டிக்கு என் சாச்சியின் மகள் ஆயத்தமாகிறாள். எட்டாம் தரம். அதே கொப்பி அவள் கைக்கு வந்திருந்தது, பென்சில் குறிப்போடு. நான் முதல் பந்தியைக் கோடு போட்டு வெட்டினேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கைதட்டல் வரும் இடமே அதுதானாம். அவளைப் பக்கத்தில் இருத்தி, ஹாஜர் (அலை) அவர்களில் தொடங்கச் சொன்னேன். பிறகு தியானோவைச் சொன்னேன், பிரௌரோன் பட்டியலைச் சொன்னேன். மூன்று நிமிடப் பேச்சுக்கு அவ்வளவு அடங்காது என்று எனக்குத் தெரியும். கதை கேட்கும் ஆசையில் அழுகையை விட்டுவிட்டாள்.

பாதி நெய்தது என்ற இடத்தில் மட்டும் என்னை நிறுத்தினாள்.

“பிள்ளை கிடைக்க முந்தி நெய்யத் தொடங்கின சீலையா ராத்தா?”

“இருக்கலாம்.”

“அப்ப மத்தப் பாதிய ஏன் அவ நெய்யல்ல?”